வடசேரியா, தென்சேரியா?

கிறிஸ்தவத்துக்கு முந்திய தெய்வங்களைத் தேடும் ஐரோப்பியர், ‘நோர்ஸ் வழியா, கெல்டிக் வழியா?’ என்று கேட்கிறார்கள். மட்டக்களப்பு வாவிக்கரையில் நின்று அந்தக் கேள்வியைக் கேட்டால் கிடைக்கும் பதில் வேறு. அதில் நமக்கும் ஓர் எச்சரிக்கை இருக்கிறது.

மட்டக்களப்பு நகரிலிருந்து ஏறாவூருக்குப் போகும் பிரதான வீதியில், வாவியை ஒட்டிக் கிடக்கிறது தன்னாமுனை. புனித வளனார் ஆலயத்தை நடுவில் வைத்து வளர்ந்த கத்தோலிக்கக் கிராமம். அதைத் தாண்டினால் பள்ளிவாசல்கள் நிறைந்த ஏறாவூர். அப்பால் செங்கலடி, பிறகு கண்ணகி அம்மன் கோயிலும் கிழக்குப் பல்கலைக்கழகமும் உள்ள வந்தாறுமூலை. கடற்பக்கமாகத் திரும்பினால் களுவன்கேணி; அங்கே வேடர் வழிவந்தோர் தமக்கென்று தெய்வங்களும் சடங்கும் வைத்திருக்கிறார்கள். சைக்கிளில் ஒரு மணித்தியாலத்துக்குள் இத்தனை வழிபாடுகளையும் கடந்துவிடலாம். ஆனாலும் இந்த வீதியில் பிறந்தவர்கள் இவற்றை வரிசையாக வைத்து, ‘எனக்கு எது பொருந்தும்?’ என்று யோசிப்பதில்லை. மதம் மாறுவோர் இங்கும் உண்டு. அவர்களும் ஒரு கலியாணத்தாலோ, தீராத ஒரு நோயாலோ, வீடு தேடி வந்த ஒரு போதகராலோ மாறுகிறார்கள். கடையில் துணி எடுப்பதுபோல் தெய்வத்தை எடுத்துப் பார்க்கும் பழக்கம் வாவிக்கரைக்கு இன்னும் வரவில்லை.

ஒஸ்லோவிலும் இலண்டனிலும் நிலைமை வேறு. தேவாலயத்தை விட்டுவிட்டாலும் தெய்வத்தை முழுதாக விட மனமில்லாதவர்கள், கிறிஸ்தவம் வருமுன் தம் மூதாதையர் எதைக் கும்பிட்டார்கள் என்று தேடத் தொடங்கி அரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. தேடுவோர் முன்னால் பெரும்பாலும் இரண்டு வாசல்கள் திறக்கின்றன. ஒன்று ஒடின், தோர், ஃப்ரேயா என்னும் வட ஐரோப்பியத் தெய்வங்களின் நோர்ஸ் வழி. மற்றது பிரிஜித், லூக் முதலான தெய்வங்களும் துரூயிட் குருமாரும் கொண்ட கெல்டிக் வழி. நோர்வேயில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட தமிழர் வாழ்கிறார்கள். இந்தக் கேள்வி நடமாடும் அதே பள்ளிக்கூடங்களில்தான் நம் பிள்ளைகளும் படிக்கிறார்கள். நாளைக்கு அவர்களில் ஒருவர் தன் சொந்தத் தெய்வத்தைப் பற்றி இதே கேள்வியை இதே தொனியில் கேட்கக்கூடும். ஆகவே இதைத் தொலைதூரத்துச் சங்கதி என்று தள்ளிவிட முடியாது.

என் வாதம் இதுதான். ஒரு வழிபாட்டைத் தெரிந்தெடுக்கும் நிலை ஒருவருக்கு வருகிறதென்றால், அவருக்கும் அதற்கும் இடையே எங்கோ ஓர் இழை அறுந்திருக்கிறது. அறுந்ததைப் புத்தகங்களைக் கொண்டு திரும்பக் கட்டலாம். சிலர் நேர்மையாகக் கட்டியும் இருக்கிறார்கள். அவர்கள் பட்ட பாட்டைப் பார்த்த பிறகாவது, இன்னும் அறாமல் இருக்கும் ஒன்றை நம் கையாலேயே அறுத்துவிடக் கூடாது. மட்டக்களப்பில் அந்த வேலை பக்தியின் பெயரால், நல்ல எண்ணத்தோடு, கொஞ்சம் கொஞ்சமாக நடந்துகொண்டிருக்கிறது.

கதை மிஞ்சியது, சடங்கு போனது

நோர்ஸ் வழியைப் பற்றி இன்று தெரிந்ததில் பெரும்பகுதி ஐஸ்லாந்திலிருந்து வருகிறது. கி.பி. 1000 அளவில் அந்தத் தீவின் பொதுச்சபை கூடியபோது கிறிஸ்தவர் ஒரு பக்கமும் பழைய தெய்வக்காரர் மறுபக்கமுமாகச் சண்டை மூளும் நிலை. சட்டம் உரைப்பவரான தோர்கெயிரிடம் தீர்ப்பை விட்டார்கள். அவர் பழைய சமயத்தவர். ஒரு பகலும் ஓர் இரவும் போர்வைக்குள் படுத்துக் கிடந்து எழுந்தவர், நாடு முழுவதும் கிறிஸ்தவமாகட்டும் என்றார். மறைவாகப் பலி கொடுப்போர் கொடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு சலுகையும் வைத்தார். சில ஆண்டுகளில் அந்தச் சலுகையும் போயிற்று. இரண்டு நூற்றாண்டுக்குப் பிறகு, 1220 அளவில், ஸ்னோரி ஸ்டுர்லுசன் என்ற கிறிஸ்தவர் பழைய தெய்வங்களின் கதைகளை உரைநடை எட்டா என்னும் நூலாக எழுதினார். கவிதை எட்டாவின் தலையாய ஏடு 1270 அளவில் படியெடுக்கப்பட்டது. இப்படிக் கதைகள் தப்பின. எந்த நாளில், யார் கையால், என்ன சொல்லிப் பூசை நடந்தது என்பது பெரும்பாலும் தப்பவில்லை. பழைய பாட்டுகளின் உவமைகள் இளங்கவிஞருக்கு விளங்க வேண்டும் என்பதே ஸ்னோரியின் கவலை. பூசகர் பழக அவர் நூல் செய்யவில்லை.

கெல்டிக் வழியில் அதன் குருமார் எழுதிய ஏடே இல்லை. துரூயிட்டுகள் தம் அறிவை எழுத்தில் வைக்க மறுத்தவர்கள். சிலர் இருபது ஆண்டு வரை மனப்பாடமாகவே கற்றார்கள் என்று ஜூலியஸ் சீசர் எழுதியிருக்கிறார். கி.பி. 60 அளவில் உரோமப் படை வேல்ஸ் கரையோரத்து ஆங்கிள்சி தீவில் இறங்கி அவர்களுடைய தோப்புகளை வெட்டிச் சாய்த்தது. எழுதாக் கல்வி, கற்றவரோடு போயிற்று. அயர்லாந்தின் தெய்வக் கதைகளைப் பல நூற்றாண்டு கழித்து எழுதி வைத்தவர்கள் கிறிஸ்தவத் துறவிகள். இந்த வெற்றிடத்தில்தான் 1792இல் அயோலோ மோர்கன்வக் என்ற வேல்ஸ்க்காரர் இலண்டனின் பிரிம்ரோஸ் குன்றில் சிறு கற்களை வட்டமாக வைத்து, துரூயிட் காலத்துச் சடங்கு என்று ஒன்றை நடத்திக் காட்டினார். அது பழையதில்லை, அவரே புனைந்தது என்பது பின்னால் தெளிவாயிற்று.

எழுத்தில்லாத கெல்டிக் வழிக்கு நிலமும் நாளும் மிஞ்சின. நவம்பர் முதலாம் திகதி சவ்வின், மே முதலாம் திகதி பெல்டேன் என்று பருவம் மாறும் நாட்களை ஊர் மறக்கவில்லை. அயர்லாந்தில் புனிதக் கிணறுகளின் பக்கத்து மரங்களில் நோயாளிகளுக்காகத் துணித்துண்டு கட்டும் வழக்கம் இன்றும் இருக்கிறது. நேர்த்திக்கு மரக்கிளையில் சீலைத்துண்டு முடிகிற நமக்கு அதை விளக்க வேண்டியதில்லை. பிரிஜித் என்ற தெய்வத்தின் பெயர், கில்டேரின் புனித பிரிஜித் என்ற கிறிஸ்தவப் புனிதையின் மேல் போய் உட்கார்ந்துகொண்டது. பெப்ரவரி முதலாம் திகதி வரும் அவருடைய நாளுக்குக் கோரையால் சிலுவை பின்னுவார்கள். 2023 முதல் அந்நாளை ஒட்டி அயர்லாந்தில் அரசாங்க விடுமுறையும் உண்டு.

ஆகவே இரண்டில் எது என்று கேட்பவருக்கு நேர்மையான பதில் இப்படித்தான் இருக்க முடியும். படிக்கப் பிரியமுள்ளவருக்கு நோர்ஸ் வழியில் தீனி அதிகம். நடந்துபோய்க் கும்பிடப் பிரியமுள்ளவருக்குக் கெல்டிக் வழியில் கிணறும் குன்றும் உண்டு. ஆனால் அந்தக் கிணறு இருக்கும் ஊரில் அவர் வாழவேண்டும். எந்தத் தெய்வத்தின் கதை மனதுக்குப் பிடிக்கிறது என்பதை வைத்துத் தெரிந்தெடுத்தால் கையில் கிடைப்பது நல்ல வாசகர் என்ற பட்டம் மட்டுமே. எந்த நிலத்துக்கு வருடாவருடம் போக முடியும், யாரோடு சேர்ந்து செய்ய முடியும், செய்யத் தவறினால் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்ற மூன்று கேள்விகளும் அதற்கு முன்னால் வருகின்றன. இவற்றுக்கு விடை இல்லாதவர் நோர்ஸ் வாசலில் நுழைந்தாலும் கெல்டிக் வாசலில் நுழைந்தாலும் தனியாகத்தான் நிற்பார்.

கதவு திறக்கும் நாள்

இந்த மூன்று கேள்விகளுக்கும் மூச்சு விடாமல் விடை சொல்லும் இடம் வைகாசி மாதத்து மட்டக்களப்பு. காரைதீவு, தம்பிலுவில், பட்டிமேடு, செட்டிபாளையம், வந்தாறுமூலை என்று கிழக்குக் கரை நெடுகிலும் கண்ணகி கோயில்கள். ஆண்டின் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கும் கதவுகள் வைகாசிப் பூரணையை ஒட்டித் திறக்கின்றன. ‘கதவு திறத்தல்’ என்றே அதற்குப் பெயர். கலியாணக்கால் நட்டு, நாளொரு பகுதியாக அவள் கதையைப் பாடும் கண்ணகி வழக்குரை படித்து, கடைசியில் குளிர்த்தி பாடிக் கதவை அடைப்பார்கள். வெயில் கொளுத்தும் காலம் அது. கொப்புளிப்பானும் சின்னமுத்தும் வருகிற காலமும் அதுவே. மதுரையை எரித்து வந்தவளின் சூடு ஆறவில்லை, அவளைக் குளிரவைத்தால் ஊரும் குளிரும் என்பதுதான் சடங்கின் உள்ளிருக்கும் எண்ணம். நிறைகுடத்து நீரைப் பூசை செய்யும் கப்புகனார் வேப்பிலைக் கொத்தால் அள்ளி அள்ளித் தெளிக்க, பாட்டு அடியடியாக ஏற, பெண்களின் குரவை எழும்பும். அந்தத் தீர்த்தத்தைப் போத்தலில் வாங்கிக்கொண்டுதான் சனம் வீட்டுக்குப் போகும்.

வழக்குரை சொல்லும் கண்ணகி, இளங்கோவடிகளின் கண்ணகியிலிருந்து சற்றே தள்ளி நிற்பவள். இங்கே அவள் மாங்கனியில் பிறக்கிறாள். அவளுடைய சிலம்புக்கு நாகமணி தேடி மீகாமன் கடலோடுகிறான். வழியில் முக்குவ அரசன் வெடியரசனோடு போர் நடக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்துக் கதைக்குள் இப்படி ஈழத்துக் கடலும் கடலோடிகளும் ஏறிக்கொண்டார்கள். இந்தத் தெய்வத்துக்குச் சிங்கள ஊர்களில் பத்தினி என்று பெயர். அங்கே பூசை செய்பவர் கப்புறாளை. கப்புகனாரும் கப்புறாளையும் ஒரே சொல்லின் இரண்டு வாய்கள். கணநாத் ஒபயசேகர 1984இல் வெளியிட்ட பத்தினி வழிபாடு பற்றிய பெருநூல் இந்த இரண்டு பக்கத்தையும் சேர்த்தே ஆராய்கிறது.

இங்கே ஒருவருக்குச் சடங்கில் என்ன இடம் என்பதை அவருடைய குடி சொல்லும். மட்டக்களப்பில் குடி தாய்வழி வருவது, ‘வயிற்றுவார்’ என்பார்கள். கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் யார், எந்த நாள் சடங்கு யாருடையது, யார் முதலில் காளாஞ்சி வாங்குவது என்பதெல்லாம் குடிமுறையால் முடிவாகும். அதில் சண்டை வரும், வழக்கு வரும், சில வருடம் கோயில் பூட்டிக்கூடக் கிடக்கும். அந்தச் சண்டையையும் நான் உயிர்ப்பின் அடையாளமாகவே எடுத்துக்கொள்கிறேன். விட்டுக்கொடுக்க முடியாத கடமை இருக்கிற இடத்தில்தான் உரிமைக்குச் சண்டை வரும். புத்தகத்தில் படித்துத் தெரிந்தெடுத்த தெய்வத்துக்காக யாரும் நீதிமன்றம் போவதில்லை.

யாழும் வழக்குரையும்

அறுந்ததற்கும் அறாததற்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்ட ஐரோப்பாவுக்குப் போக வேண்டியதில்லை. காரைதீவு என்ற ஒரே ஊர் போதும். 1892இல் அங்கே பிறந்த சுவாமி விபுலாநந்தர், சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை அடிப்படையாக வைத்து, வழக்கொழிந்துபோன யாழை மீட்க ஆண்டுக்கணக்காக உழைத்தார். நரம்புகள் எத்தனை, சுருதிகள் எவ்வாறு பிரிகின்றன என்று கணிதத்தாலும் இலக்கியத்தாலும் துருவித் துருவிப் பார்த்தார். 1947இல் யாழ் நூல் அரங்கேறியது; அதே ஆண்டில் அவர் மறைந்தார். தமிழர் செய்த மீட்டெடுப்புகளில் அதற்கு இணையாகச் சொல்ல எனக்கு வேறொன்று தோன்றவில்லை. இருந்தும், அந்தக் காலத்து வாசிப்பவரின் விரல் நரம்பில் எப்படி அழுந்தியது, ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு எப்படி வழுக்கியது என்பதை எந்தக் கணக்காலும் பெற முடியாது. நூல் யாழின் உடம்பைத் தந்தது. கை அறுந்து எத்தனையோ நூற்றாண்டாகிவிட்டது.

அதே காரைதீவின் கண்ணகி கோயிலில் வழக்குரையின் ராகத்தை யாரும் ஆராய்ந்து மீட்க வேண்டியிருக்கவில்லை. படிப்பவரின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுப் பிடித்துக்கொண்ட அடுத்தவர் இருந்தார். அவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் இருந்தார். அவ்வளவுதான். பண்டிதர் வி.சீ. கந்தையா ஏடுகளை ஒப்பிட்டு 1968இல் கண்ணகி வழக்குரையை அச்சிட்டதால் கதையும் பாட்டும் இனி அழியா என்று நாம் ஆறுதல் கொள்கிறோம். ஆனால் ஸ்னோரியும் கதையைக் காப்பாற்றினார் என்பதை மறக்கக் கூடாது. அச்சு நூல் மட்டும் மிஞ்சி, படிக்கத் தெரிந்த குரலும் கப்புகனாரின் கையும் போய்விட்டால் வழக்குரையும் எட்டாவின் பக்கத்தில் அலுமாரியில் ஏறிவிடும். பிறகு நூறு வருடம் கழித்து யாரோ ஒரு பேரப்பிள்ளை ரொறன்ரோவிலிருந்து வந்து, ‘இது எப்படிச் செய்வது?’ என்று கேட்பார்.

பத்ததியும் ஆகமமும்

மட்டக்களப்பில் இன்று உண்மையாகவே ஒரு தெரிவு நடந்துகொண்டிருக்கிறது. பத்ததி வழியா, ஆகம வழியா என்பதே அது. கண்ணகி, காளி, மாரி, திரௌபதை, நாகதம்பிரான் கோயில்களில் கப்புகனாரும் கட்டாடியாரும் பூசாரிமாரும் செய்துவரும் முறைகளுக்குப் பத்ததி என்று பெயர். கும்பம், மடை, உடுக்கு, காவியம், தெய்வம் ஏறி ஆடுதல், கட்டு சொல்லுதல் என்று அதற்கெனத் தனி ஒழுங்கு உண்டு. பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலில் பாரதக் கதை நாளுக்கு நாள் நடந்தேறித் தீமிதிப்பில் முடிகிறது. மண்டூர் முருகன் கோயிலில் கப்புகனார் வாயை வெள்ளைத் துணியால் கட்டிக்கொண்டு மந்திரம் இல்லாமலே பூசை செய்கிறார். பேச்சு வழக்கே வித்தியாசத்தைக் காட்டிக்கொடுக்கும்: ஆகமக் கோயிலில் நடப்பது திருவிழா, பத்ததிக் கோயிலில் நடப்பது சடங்கு. ‘அம்மனுக்குச் சடங்கு தொடங்கிற்று’ என்றால் ஊருக்கு அர்த்தம் புரியும்.

யாழ்ப்பாணம் இந்தத் தெரிவை 19ஆம் நூற்றாண்டிலேயே செய்துவிட்டது. கிறிஸ்தவப் பாதிரிமார் சைவத்தைப் பேய் வழிபாடென்று பழித்த காலத்தில், ஆறுமுக நாவலர் (1822–1879) சைவத்தை நூலும் நெறியும் உள்ள சமயமாக எடுத்து நிறுத்தினார். அதே வீச்சில், உயிர்ப்பலியையும் ஆகமத்துக்குப் புறம்பான தெய்வங்களையும் கண்டித்தார். அந்தக் கண்டனம் கண்ணகிமேலும் விழுந்தது. அங்கே கண்ணகி கோயில்கள் பல பின்னாளில் இராஜராஜேஸ்வரி, புவனேஸ்வரி என்று பெயர் மாறின. தெய்வம் அதே இடத்தில் இருந்தது. கதையும் குளிர்த்தியும் இறங்கிப் போய்விட்டன. மட்டக்களப்பில் அந்த அலை மெதுவாகவே வந்தது. போர் முடிந்த பின் புலம்பெயர்ந்தோர் காசு வர, சிறு கோயில்கள் கோபுரமும் மணிமண்டபமும் நித்திய பூசையுமாக எழும்புகின்றன. கும்பாபிஷேகம் செய்தால் நித்திய பூசை வேண்டும். நித்திய பூசைக்குக் குருக்கள் வேண்டும். குருக்கள் வந்தபின் கப்புகனாருக்கு வருடத்தில் நாலு நாள் வேலை, பிறகு அதுவும் இல்லை. யாரும் சதி செய்யவில்லை. வருடம் ஒருமுறை திறந்த கதவு தினமும் திறக்கிறது, அவ்வளவுதான். தினமும் திறக்கிற கதவுக்குக் ‘கதவு திறத்தல்’ என்றொரு நாள் எப்படி இருக்கும்?

மறுத்துச் சொல்லக்கூடியவை

முதல் மறுப்பு வலுவானது. ஆகமம் அந்நியமா? அதுவும் நம்முடையதுதானே? கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர், அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் போன்ற பெருங்கோயில்கள் இந்த மண்ணின் பெருமை இல்லையா? நிச்சயமாகப் பெருமைதான். கொக்கட்டி மரத்தை வெட்டிய வேடனின் கோடரி பட்டு இரத்தம் பெருகியதால் இலிங்கம் வெளிப்பட்டது என்ற தலக்கதையைச் சொல்லிக்கொண்டே அந்தக் கோயிலில் தேர் ஓடுகிறது. சைவப் பெருங்கோயில் தன் தொடக்கத்தை வேடன் கையில் வைத்துப் பேணுகிற இந்த அடக்கத்தையே நான் வேண்டுகிறேன். ஆகமக் கோயில் ஆகமக் கோயிலாக இருக்கட்டும். பக்கத்துக் கண்ணகி கோயிலையும் அதே அச்சில் வார்த்தால் இரண்டு கோயில் கிடைக்காது. ஒரு கோயிலின் இரண்டு பிரதிகள் கிடைக்கும்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது. பழைய சடங்கில் சாதியும் இருக்கிறது. பறை அடிப்பது குறிப்பிட்ட சிலரின் பிறவிக் கடமை என்று வைத்து, அவர்களைக் கோயிலின் வெளிவீதியில் நிறுத்திய வரலாறு மட்டக்களப்புக்கும் உண்டு. ‘அறாமல் காப்பாற்றுங்கள்’ என்று மேசையில் இருந்து எழுதுவது எளிது. அந்த இழை யாருடைய கழுத்தில் சுற்றியிருக்கிறது என்று பார்க்க வேண்டாமா? பார்க்கத்தான் வேண்டும். பறையைக் கீழே வைத்தவர்கள் வைத்தது நியாயம். அவர்களைத் திரும்ப அழைக்கிற தகுதி, மரியாதையையும் கூலியையும் கோயிலுக்குள் இடத்தையும் முதலில் கொடுக்கிற ஊருக்கு மட்டும்தான் உண்டு. ஆனால் ஆகமமாக்கல் இந்தச் சிக்கலைத் தீர்ப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பத்ததிக் கோயிலில் தெய்வம் ஏறுவது ஆணுக்கும் நடக்கும், பெண்ணுக்கும் நடக்கும். ஏறிய தெய்வத்தின் முன் வண்ணக்கரும் கைகட்டி நிற்பார். குருக்கள் மட்டும் நுழையும் கருவறை அந்த வாசலையும் சாத்திவிடுகிறது. சடங்கை மாற்ற வேண்டுமானால், அதற்குள் கடமை உள்ளவர்கள் கூடி மாற்ற வேண்டும்.

மூன்றாவது: எல்லா வழிபாடும் ஒருநாள் புதிதாக வந்ததுதானே? கண்ணகியே கடல் கடந்து வந்தவள். இலங்கைக் கயவாகு மன்னன் சேரன் செங்குட்டுவனின் படிமத் திருவிழாவில் இருந்தான் என்று சிலப்பதிகாரமே சொல்கிறது. புனைந்த சடங்கும் நிலைக்குமே. அயோலோ மோர்கன்வக்கின் கல்வட்டம் இன்றும் வேல்ஸின் தேசிய விழாவில் நடக்கிறதே? உண்மை. அதனால்தான் ‘பழமை’ என்ற சொல்லை வாதத்தின் தூணாக நான் நிறுத்தவில்லை. அயோலோவின் பொய் பிழைத்தது, வேல்ஸ் மொழி என்ற உயிருள்ள ஒன்றின்மேல் அது ஒட்டிக்கொண்டதால். வருடம் தவறாமல் நடந்ததால். கவிஞருக்குப் பட்டமும் பொறுப்பும் கொடுத்ததால். 1972இல் ஸ்வெயின்பியோர்ன் பெயின்டெய்ன்சன் என்ற விவசாயக் கவிஞரோடு சிலர் சேர்ந்து ஐஸ்லாந்தில் பழைய நோர்ஸ் தெய்வங்களுக்காகத் தொடங்கிய ஆசாத்ரூ சங்கமும் அப்படித்தான் வேர் பிடித்தது. 1973இல் அரசு அங்கீகரித்தது. கலியாணமும் இறுதிச் சடங்கும் நடத்துகிற சங்கமாகி, இன்று ஐயாயிரத்துக்கு மேற்பட்ட உறுப்பினரை எட்டியிருக்கிறது. ஆக, புதியதும் கடமை ஏற்றால் வேர் பிடிக்கும். பழையதும் கடமை கழன்றால் காயும். வேர் பிடிக்க அவர்களுக்கு எவ்வளவு காலமும் உழைப்பும் தேவைப்பட்டது என்பதுதான் நமக்குப் பாடம்.

நான்காவது மறுப்பு அச்சத்திலிருந்து வருகிறது. ‘எங்கள் நிலம், எங்கள் இரத்தம், எங்கள் தெய்வம்’ என்று பேசத் தொடங்கினால் அது எங்கே போய் முடியும்? நாசிகள் பழைய ரூன் எழுத்தைப் படைச் சின்னமாக்கினார்கள். இன்றும் வெள்ளை இனவாதிகள் தோரின் சம்மட்டியைத் தூக்கித் திரிகிறார்கள். ஐஸ்லாந்துச் சங்கம் அவர்களை வெளிப்படையாக மறுத்து வருகிறது. இரத்தத்தால் உரிமை கோருகிற வழிபாடு நஞ்சாகும் என்பது சந்தேகமில்லாத பாடம். கண்ணகி சடங்கு அந்த நஞ்சுக்கு மருந்தையும் தன்னிடமே வைத்திருக்கிறது. பத்தினி என்று கும்பிடுகிற சிங்கள ஊரை விலக்கிவிட்டு இந்தத் தெய்வத்தின் கதையைச் சொல்லி முடிக்க முடியாது. ‘தூய தமிழ்த் தெய்வம்’ என்று அவளைப் பூட்டிவைக்கப் பார்ப்பவர், கப்புகனார் என்ற பெயரிலேயே இடறி விழுவார்.

தன்னாமுனைக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். கத்தோலிக்கராகிவிட்ட ஊருக்கு இழை அறுந்துவிட்டதுதானே? அவ்வளவு சுலபமாகச் சொல்ல முடியவில்லை. ஆயித்தியமலைச் சகாய மாதாவைத் தேடிக் கால்நடையாகப் போகும் கூட்டத்தைப் பாருங்கள்: நேர்த்தி, நடை, தாயிடம் முறையீடு. பிரிஜித்தை அயர்லாந்து எப்படி வைத்துக்கொண்டதோ, அப்படியே வாவிக்கரையும் தன் கால்களின் பழக்கத்தை வைத்துக்கொண்டது. பெயர் மாறியும் நிலமும் நாளும் கடனும் மாறாமல் இருந்தால் ஏதோ ஒன்று தொடர்கிறது. யாழ்ப்பாணத்துக் கண்ணகிக்கு நடந்தது இதன் மறுபக்கம்: சமயம் மாறவில்லை, சடங்கு மாறிவிட்டது. மதம் மாறினால்தான் மரபு அறும் என்று நினைப்பவர்கள் இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

கயிறு

நோர்ஸா, கெல்டிக்கா என்ற கேள்விக்கு மட்டக்களப்பு வைத்திருக்கும் விடையை ஒரே காட்சியில் சொல்லலாம். கண்ணகிக்காக ஆடும் கொம்பு முறிப்பு என்ற விளையாட்டில் ஊரே இரண்டாகப் பிரியும். வடசேரி கோவலன் கட்சி. தென்சேரி கண்ணகி கட்சி. வளைந்த இரண்டு மரக்கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவி, கயிறு கட்டி, இரு பக்கமும் இழுப்பார்கள். எந்தக் கொம்பு முறிகிறதோ அந்தக் கட்சி தோற்றது. வென்றவர் வசைப்பாட்டால் தோற்றவரைக் கிழிகிழியென்று கிழிப்பார்கள். நாளைக்கு ஒரே வயலில் வேலை செய்யப்போகிறவர்கள்தான். சிங்கள ஊர்களில் இதற்கு அங்கெலிய என்று பெயர். அங்கும் இது பத்தினிக்குரியதே. இரண்டு சேரியும் உயிரைக் கொடுத்து இழுப்பது ஒரே தெய்வத்தைக் குளிரவைக்கத்தான். யார் வென்றாலும் மகிழ்கிறவள் அவள்.

இன்று கொம்பு முறிப்பு அரிதாகிவிட்டது. கலைவிழா மேடையில் காட்சிக்காக இழுப்பதும் உண்டு. அதைப் பார்த்துக் கைதட்டுகிற பிள்ளையிடம் ‘உனக்கு எந்தக் கட்சி பிடிக்கும்?’ என்று கேட்டால், அதையும் ஒடினா பிரிஜித்தா என்ற கேள்வியாக்கிவிடுகிறோம். வடசேரியா தென்சேரியா என்பதைப் பிறந்த வீடு சொல்லிவிடும். அதில் பிள்ளை தெரிந்தெடுக்க எதுவுமில்லை. கயிற்றில் கை வைக்கிறாயா என்ற கேள்விக்கு மட்டும் அதுதான் பதில் சொல்ல வேண்டும்.